சாயங்காலம் வரைக்கும் வரவேண்டிய காற்று

ராஜாங்கம் ஆக்சிஜன் சிலிண்டரை விரலால் சுண்டிக் காதை வைத்துக் கேட்டான். சந்தையில் பூசணிக்காய் பார்க்கிறவனைப் போல, "முக்காவாசி இருக்கு" என்றான்.

காலையிலிருந்து இது நாலாவது தடவை. செல்லக்கிளிக்குக் குமட்டியது. மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் வைத்து இரும்பு வெட்டும் கேஸ் கட்டிங் ஹெல்பர் ராஜாங்கம். சட்டையில் பீடியும் கார்பைடும் கலந்த நாற்றம். புருஷனுடைய அண்ணன் என்பதால் எட்டிப் போகச் சொல்ல முடியாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் புருஷன் தங்கராசுவின் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். படுத்தால் அவனுக்கு மூச்சு அடைத்தது. இரண்டு நாளாக அவள்தான் சாய்மானம். ரத்தத்தில் புற்றுநோய் என்று மெட்ராசில் சொல்லி அனுப்பி நாலு மாதம் ஆகிறது. இப்போது நெஞ்சும் கட்டிவிட்டது.

"இந்த வியாதியில மூச்சு இப்படி ஆயிட்டா, பெரிய ஆஸ்பத்திரியிலயும் பொழைக்கிறவங்க கம்மிம்மா. திணறாம போகணும். அதுக்குத்தான் இந்தக் காத்து" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். திணறாமல் போகவேண்டும். அந்த ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் மார்த்தாள் சிலிண்டரோடு இணைத்த தண்ணீர்ப் புட்டியில் வரும் குமிழியைக் காட்டினாள். "இப்படியே மெதுவா வரட்டும். யாரும் கைவைக்காதீங்க. மறு சிலிண்டர் கடலூர்லேர்ந்து சாயங்காலந்தான் வரும். அதுவரைக்கும் இது வரணும்." சொல்லிவிட்டுப் பிரசவ வார்டுக்குப் போனாள்.

"இவங்களுக்கு என்னா தெரியும்?" ராஜாங்கம் ஜன்னல் வழியே துப்பினான். பாதி கம்பியிலேயே வழிந்தது. "நான் தினம் இதோடதான் மாரடிச்சிக்கினு கெடக்குறேன். தீ கம்மியானா தொறந்து வுட்டாத்தான் இரும்பே வெட்டும். சொட்டு சொட்டா வுட்டா எப்பிடி?"

போயும் போயும் இவன் கையிலா மாட்டினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குமேல் தங்கராசுவின் முதுகு வேகவேகமாக இடித்தது. ஈறில் கசிந்த ரத்தம் உதட்டில் காய்ந்து, அதில் ஈ மொய்த்தது. ராஜாங்கம் எழுந்து சிலிண்டரின் திருகைப் பிடித்துத் திறந்தான். புட்டியில் தண்ணீர் தளதளவென்று பொங்கியது.

தடுக்க வாயெடுத்தாள். அதற்குள் முதுகு நிதானத்துக்கு வந்தது. நகத்தில் இருந்த நீலம் மாறியது.

"கிளி" என்றான் தங்கராசு. மூன்று நாளில் அவன் பேசிய முதல் சொல். "வாசல்ல போட்ட அவரை பூத்துதா?"

"பூத்திருக்குங்க" என்றாள். பூக்கவில்லை.

அவன் முதுகு சிரித்தது அவளுக்குத் தெரிந்தது. ராஜாங்கத்திடம், "மாமா, இன்னும் கொஞ்சம் தொறந்து வுடுங்க" என்றாள்.

ராஜாங்கம் திறந்துவிட்டான்.

இரண்டு மணி ஷிப்ட் சங்கு ஊதும்போது குமிழி நின்றுபோயிருந்தது. ராஜாங்கம் சிலிண்டரைச் சுண்டினான். காது வைத்துக் கேட்கவில்லை. செருப்புகூட மாட்டாமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினான்.

அதன்பிறகு இரண்டு மணி நேரம் தங்கராசு அவள் முதுகில் முட்டிக்கொண்டும் மோதிக்கொண்டும் கிடந்தான். திரும்பிப் பார்த்தால் அவன் சாய்ந்துவிடுவான். அதனால் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்த்தாள் ஓடி வந்து விசிறினாள். நாலு மணிக்கு முட்டுவது நின்றது. ராஜாங்கம் ஒர்க்‌ஷாப் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தபோது, தம்பியை நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை குவார்ட்டர்ஸ் வாசலில் கூட்டம். கம்மாபுரத்திலிருந்து வந்த, அண்ணன் தம்பி இருவருக்கும் மூத்த அக்காள் சாமியம்மாள் ராஜாங்கத்தின் சட்டையைப் பிடித்தாள்.

"தொடாதன்னு நர்சு சொல்லியும் தொறந்தியாமே! எவ சொல்லிடா தொறந்த?"

செல்லக்கிளி நிமிர்ந்தாள்.

"யாரும் சொல்லலக்கா" என்றான் ராஜாங்கம். "நானாத்தான் தொறந்தேன்."

"தூ! நீயெல்லாம் ஒரு மனுசனா?" சாமியம்மாள் துப்பியது அவன் மார்பில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை. செல்லக்கிளி பக்கம் திரும்பவும் இல்லை. நகர்ந்துபோய்த் தெருக்கோடியில், கரண்டு கம்பத்தடியில் நின்றுகொண்டான்.

நான்தான் சொன்னேன் என்று சொல்லச் செல்லக்கிளி வாயைத் திறந்தாள். யாரோ அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் குமட்டல் வந்தது. முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். ராஜாங்கம் கம்பத்தடியிலேயேதான் நின்றிருந்தான். பீடி வாடை இவ்வளவு தூரம் வராது. பாடையைத் தூக்கும்வரைக்கும் அவள் முந்தானையை எடுக்கவே இல்லை.