கன்னி மூலை மேடு

"மண்ணுல என்னத்தா இருக்கப் போகுது? மண்ணுதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தங்கமுத்து இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார்.

தட்டு நகர்ந்ததும் வீடு நின்றது. மிக்ஸி நின்றது. டிவியில் ராசிபலன் சொல்லிக்கொண்டிருந்தவரின் குரல் தணிந்தது. தங்கமுத்துவின் மனைவி பேச்சாயி சட்னிக் கிண்ணத்தோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த வீட்டில் ஆண்பிள்ளைக்குக் கோபம் வந்தால் அது முதலில் தட்டுக்குத்தான் தெரியும்.

எதிரே மகள் புவனேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். கட்டடம் வரப்போகிற இடங்களின் மண்ணை எடுத்துச் சோதித்து, அதில் விஷம் உண்டா இல்லையா என்று சொல்வது அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. ஊரார் மண்ணைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அப்பா வாங்கிய மண்ணைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"குரோமியம் இருக்குப்பா. இருக்க வேண்டியதை விட ரொம்ப அதிகமா. கன்னி மூலை மேட்டுல பூராவும் ஆஸ்பெஸ்டாஸ் தூளு. சின்னப் பிள்ளைக அங்க விளையாட முடியாது."

"இந்த ரிப்போர்ட்டை அப்படியே அனுப்புனா கல்யாணம் நின்னுரும்டி," என்றாள் பேச்சாயி.

அம்மாவின் குரலில் பயம் இருந்தது. விஷத்தைப் பற்றிய பயம் இல்லை.

மாப்பிள்ளை விக்னேஷ்குமார் வீட்டார் ஒட்டன்சத்திரத்துக்காரர்கள். வரதட்சணை கேட்கிற ரகம் இல்லை. அதைப் பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் அம்மா பாவாத்தாள் கேசரியை வாயில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "நாங்க எதுவுமே கேக்க மாட்டோமுங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதை நாங்க ஏனுங்க தடுக்கோணும்?" பிறகு, பையன் திண்டுக்கல்லில் ஒரு ப்ளே ஸ்கூல் தொடங்க ஆசைப்படுவதாகவும், இடம்தான் அமையவில்லை என்றும் ஃபேனைப் பார்த்துச் சொன்னாள். ஃபேனைப் பார்த்துச் சொன்னால் அது கேட்டதாக ஆகாது.

தங்கமுத்து திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். ஃபேனுக்குச் சொன்னது அவருக்குப் புரிந்தது. ஊருக்கு வெளியே, பல வருஷமாக மூடிக் கிடந்த ஒரு தோல் ஷாப்பை வாங்கினார். தோல் பதனிட்ட தொட்டிகளும், கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் சீட் வேய்ந்த நீளமான கொட்டகைகளுமாக இருந்த இடம். இவ்வளவு மலிவாக ஏன் கொடுக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அழுகிய வெங்காயத்தை மூட்டைக்கு வெளியிலிருந்தே மோந்து கண்டுபிடிக்கிறவர்தான். மகள் கல்யாணம் என்று வந்தால் மூக்கு கொஞ்சம் அடைத்துக்கொள்ளும்.

மண் பரிசோதனை நடக்காமல் இல்லை. வாஸ்துக்காரர் ஒருவர் கொடைரோட்டிலிருந்து வந்தார். முழம் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டச் சொன்னார். தோண்டிய மண்ணை அதே குழியில் திரும்பப் போடச் சொன்னார். குழி நிறைந்து மண் மிஞ்சியது. மிஞ்சினால் செல்வம் பெருகும் என்பது சாஸ்திரம். அது மண்ணே இல்லை, தொட்டிகளிலிருந்து காலங்காலமாக வழித்துக் கொட்டிய குரோமியக் கழிவு என்பது சாஸ்திரத்தில் இல்லை. ஒரே குறை, தென்மேற்கில் இருக்கும் கன்னி மூலை பள்ளமாக இருந்தது. அது மேடாக இருந்தால்தான் அந்த வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை நிலைக்கும் என்றார் வாஸ்துக்காரர். வெளியிலிருந்து மண் அடிப்பானேன் என்று, கொட்டகைகளின் கூரையைப் பிரித்து உடைத்து அந்த மூலையில் நிரப்பச் சொல்லிவிட்டார் தங்கமுத்து. மகளின் வாழ்க்கை மேடானது.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். ப்ளே ஸ்கூலுக்குத் தன் பெயரைக் கொடுக்கப்போகிற சென்னைக் கம்பெனி, இடத்தின் மண்ணையும் பழைய கட்டடத்தின் கல்நாரையும் சோதித்த ரிப்போர்ட் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்றது. "நம்ம பொண்ணே பாத்துருமுங்களே! வெளியாளுக்கு எதுக்குங்க தண்டம்?" என்றாள் பாவாத்தாள். சீர்வரிசையில் ரிப்போர்ட்டும் சேர்ந்துகொண்டது.

கூட வேலை பார்க்கும் ரொனால்டோடு புவனேஸ்வரி அந்த இடத்துக்குப் போனபோது, கன்னி மூலையில் கருப்பம்மாள் சம்மட்டியோடு நின்றாள். பின்னால் இருக்கும் காலனியில் குடியிருப்பவள். அவள் மாமனார் இந்தத் தோல் ஷாப்பில் தொட்டியில் இறங்கி வேலை பார்த்தவர். இடம் கைமாறிய எல்லா முறையும் அவளும் இடத்தோடு சேர்ந்து கைமாறியிருந்தாள். புருவம், தலைமுடி, கழுத்து எல்லாம் வெள்ளைத் தூசு.

"அக்கா, இதை எதுக்கு உடைக்கிறீங்க? யாரு சொன்னது?"

"உங்கப்பாதேன் தாயீ. முழுசாப் போட்டா மேடு நிக்காதாம்ல. பொடியா நொறுக்கணும்னாரு." கருப்பம்மாள் சிரித்தாள். "உங்க கல்யாணத்துக்குன்னு சொன்னாக. அதேன் நல்லா நைசா நொறுக்கியிருக்கேன்."

புவனேஸ்வரியின் முகத்தில் முகமூடி இருந்தது. தூசு உள்ளே போகாதபடி மூக்கை இறுக்கிப் பிடிக்கும் நல்ல முகமூடி. அதைப் போட்டுக்கொண்டே, போடாத ஒருத்தியிடம் பேசுவது அசிங்கமாக இருந்தது. கழற்றினால் மரியாதையாக இருக்கும், முட்டாள்தனமாகவும் இருக்கும். கழற்றவில்லை. இந்த மேட்டில் நாளைக்கு நான் கோலம் போட்டிருப்பேன், இவள் நுரையீரலுக்கு மேல் நின்று என் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருப்பேன் என்று நினைத்தாள். இந்தத் தூசு அவசரப்படுகிற ஜாதி இல்லை. நெஞ்சுக்குள் போய் இருபது முப்பது வருஷம் நல்ல மருமகளைப் போல வாய் திறக்காமல் இருக்கும், பிறகுதான் பேசும்.

"போதுங்க்கா, இனிமே உடைக்காதீங்க. இந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. பெரிய வியாதி வரும்." பையிலிருந்து ஒரு முகமூடியை எடுத்துக் கொடுத்தாள்.

கருப்பம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "புதுசா இருக்கு. அழுக்காக்காம வச்சுக்கிறேன்."

அப்போது தங்கமுத்து டீ வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் மகளுக்கும் ரொனால்டுக்கும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளர்கள். கருப்பம்மாளுக்குப் பேப்பர் கப். பேப்பர் கப் வந்த பிறகு தங்கமுத்துவின் வீட்டில் தீண்டாமை ஒழிந்துவிட்டது. முன்பு கொட்டாங்கச்சியைத் தனியாக வைக்க வேண்டியிருந்தது. இப்போது தூக்கிப் போட்டுவிடலாம்.

அந்த மண்ணின் சோதனை முடிவுதான் இன்று இட்லித் தட்டை நகர்த்தியிருந்தது.

"லேசா மாத்தி எழுதுத்தா. உன் கல்யாணத்துக்குத்தானே சொல்றேன்," என்றார் தங்கமுத்து, இப்போது கெஞ்சலாக.

"மாத்துனா அங்க வர்ற பிள்ளைகளுக்கு யாருப்பா பதில் சொல்றது? நாளைக்கு என் பிள்ளையும் அங்கதான் தவழும்."

தங்கமுத்து தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறக்காத பேரனுக்கு அந்த வீட்டில் எல்லோரையும் விட அதிகாரம் அதிகம். ரிப்போர்ட் அப்படியே போனது.

பேச்சாயி சாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் பாவாத்தாளிடமிருந்து போன் வந்தது. தங்கமுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்பந்திங்களா? நல்லவேளைங்க! நம்ம பொண்ணுங்கறதால மறைக்காமச் சொல்லுச்சு. பச்சைக் குழந்தைங்க மூச்சு விடற இடமுங்க. இப்படி ஒரு மருமக அமையறதுக்குப் புண்ணியம் பண்ணியிருக்கோணும்."

பேச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதனால அந்த மனை வேண்டாமுங்க. நத்தம் ரோட்டுப் பக்கம் நல்ல மனையா இருக்குதாமா. நாங்க கேக்கலீங்க. சும்மா காதுல விழுந்துச்சு."

நத்தம் ரோட்டு மனையை வாங்கப் பேச்சாயியின் நகைகளும் மண்டியின் ஒரு பாதியும் போயின. உண்மை பேசும் பெண்ணைப் பெற்றதற்கு அது நியாயமான செலவு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள்.

தோல் ஷாப் மனை மட்டும் தங்கமுத்துவின் நெஞ்சில் கிடந்தது. விற்கப் போனால் ரிப்போர்ட் கதை எப்படியோ முன்னால் போய் நின்றது. வார்டு கவுன்சிலர் பாண்டியராஜ்தான் வழி சொன்னார். காலனிப் பால்வாடிக்குச் சொந்த இடம் இல்லை, வாடகை அறையில் நடக்கிறது. தானமாகக் கொடுத்தால் வாசல் வளைவில் பெயர் வரும்.

தங்கமுத்துவின் முகம் பல நாளைக்குப் பிறகு மலர்ந்தது. "இடம் நல்லாருக்குன்னு உங்க ஆபீஸ்ல ஒரு காயிதம் மட்டும் வாங்கிக் குடு ஆத்தா," என்றார் மகளிடம்.

"அதே மண்ணுதானேப்பா?"

"அது ப்ளே ஸ்கூலுக்குத்தா." அவருக்கு உண்மையிலேயே அவள் கேள்வி விளங்கவில்லை. "இது பால்வாடிதானே."

அவர் குரலில் வஞ்சகம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். மழை மேலிருந்து பெய்யும் என்று சொல்வதைப் போல அவர் அதைச் சொன்னார்.

அவள் விக்னேஷ்குமாருக்குப் போன் செய்தாள்.

"அதுல நீ எதுக்குத் தலையிடற? நம்ம மனை அது இல்லையே," என்றான் அவன். நல்ல பையன். குழந்தைகள் என்றால் உயிர். மாதக் கட்டணம் கட்டுகிற குழந்தைகளைப் பற்றி அவன் இன்னும் கொஞ்ச நேரம் பிரியமாகப் பேசினான்.

மறுநாள் அவள் காலனிக்குப் போனாள். பால்வாடி அறையில், கருப்பம்மாளும் மற்றப் பெண்களும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ரிப்போர்ட்டை எளிய தமிழில் சொன்னாள். ஒரு பிரதியை அங்கே கொடுத்தாள். இன்னொன்றை, தன் பெயரைப் போட்டு, மாநகராட்சிக்கு அனுப்பினாள். தானம் நின்றது. வளைவில் எழுதக் கொடுத்திருந்த தங்கமுத்துவின் பெயர் பெயிண்டர் கடையிலேயே தங்கிவிட்டது.

பாவாத்தாளிடமிருந்து மறுபடியும் போன் வந்தது.

"நம்ம குழந்தைங்களுக்குன்னு சொன்னப்ப சந்தோஷமா இருந்துச்சுங்க. ஊர்ல இருக்கற குழந்தைங்களுக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா எப்படிங்க? சொந்த அப்பனையே சந்தியில நிறுத்தற பொண்ணு, நாளைக்கு எங்க வீட்டுல எதைத் தோண்டுமோ! இது சரிப்படாதுங்க."

அடுத்த வாரம் வாஸ்துக்காரர் வரவழைக்கப்பட்டார். என்ன குற்றம் என்று தெரிய வேண்டுமே. புவனேஸ்வரியும் கூடப் போனாள். வாஸ்துக்காரர் மனையைச் சுற்றி வந்து, கன்னி மூலை மேட்டின் மேல் ஏறி நின்றார். அங்கே மாதிரி எடுத்த இடத்தில் சின்னதாக ஒரு துளை இருந்தது.

"கன்னி மூலையில துளை போட்டது யாரு?"

தங்கமுத்து மகளைப் பார்த்தார்.

"முடிஞ்சது கதை. இதைத் தோண்டுனதாலதான் கல்யாணம் நின்னுருக்கு."

"சரியாச் சொன்னீங்க," என்றாள் புவனேஸ்வரி. "தோண்டாம இருந்திருந்தா நடந்திருக்கும்."

படித்த பெண் தன்னை ஒப்புக்கொண்டதில் வாஸ்துக்காரர் குளிர்ந்தார். துளையில் மஞ்சளும் எலுமிச்சம்பழமும் போட்டு, மண்ணை மிதித்து மூட வேண்டும் என்று பரிகாரம் சொன்னார். புவனேஸ்வரி பையிலிருந்து ஒரு முகமூடியை எடுத்து நீட்டினாள்.

"இது எதுக்கும்மா?"

"நீங்க நிக்கிறது ஆஸ்பெஸ்டாஸ் தூள் மேல. மூச்சுல போனா நுரையீரல்ல புற்றுநோய் வரும். மிதிக்கிறப்பப் போட்டுக்கங்க."

அவர் அவ்வளவு வேகமாக எந்த மூலையிலிருந்தும் இறங்கியதில்லை. வேட்டியை உதறினார். மறுபடி உதறினார். பிறகு, வேலை எது என்றாலும் வரச் சொல்லும் வழக்கப்படி இன்றும் வரவழைக்கப்பட்டு கேட்டுக்கு வெளியே நின்ற கருப்பம்மாளைக் கை காட்டினார்.

"அந்தப் பொம்பளையை ஏறி மிதிச்சு மூடச் சொல்லுங்க. அவுக மிதிச்சாலும் பரிகாரம் பலிக்கும்."

"ஏ கருப்பம்மா, வா இங்கிட்டு," என்றார் தங்கமுத்து.

கருப்பம்மாள் வரவில்லை. இடுப்பிலிருந்து அந்த முகமூடியை எடுத்தாள். இன்னமும் புதிதாகவே இருந்தது. மெதுவாக, இரண்டு காதிலும் மாட்டி, மூக்கின் மேல் அழுத்திவிட்டுக்கொண்டாள். குரல் உள்ளேயிருந்து வந்தாலும் தெளிவாகவே கேட்டது.

"நீங்களே ஏறுங்க சாமி. உங்க வீட்டுப் பொண்ணு கல்யாணம்தானே."