அறைக்குப் போன வெற்றிலைத் தட்டு

லண்டனிலிருந்து வந்த தாய்மாமன் பன்விலத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்காமல் கண்டி வாவிக்கு மேலே இருக்கிற பெரிய ஹோட்டலில் தங்கியிருக்கிறார் என்ற செய்தி, பாப்பம்மாவின் காதுக்கு வருமுன்பே வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த மாதிரிச் செய்திகளுக்கு மட்டும் அந்தத் தோட்டத்தில் சிக்னல் விடுபடுவதே இல்லை.

பாப்பம்மாவுக்கு மகள் சர்மிளாவின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் பேசுவார்கள். அவர்கள் பேசாவிட்டாலும் பேசுவதற்கு லயத்திலேயே ஆள் இருந்தது. தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி ராஜலிங்கம், அங்கே போனபின் வெறும் ராஜ், "டைம் இல்லக்கா. கார்ட வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க, பாப்போம்" என்றார்.

"தாய்மாமனுக்கு வாட்ஸ்அப்லயா வெத்தல வைக்கிறது?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள். "டேய் ரமேஸ், நீ அந்த ஹோட்டல்லதானே இருக்க. தட்டுல வச்சு ரெண்டு கையாலயும் குடு. அவனும் ரெண்டு கையாலயும் வாங்கணும். வாங்கிட்டான்னா வராம இருக்க முடியாது."

ஊருக்குப் பாப்பம்மா சொல்லி வைத்திருந்தது சூப்பர்வைசர் என்று. ரமேஸ் பார்த்தது ரூம் சேர்விஸ். அறையில் படுத்துக்கொண்டே விருந்தாளி போனில் கேட்பதை நபீல் நானா கீழே எழுதிக் குசினிக்குக் கொடுப்பார். குசினியிலிருந்து வந்ததை ரமேஸ் தட்டில் அடுக்கி, எவர்சில்வர் மூடி போட்டு, மேலே கொண்டு போவான். கதவைத் தட்டி 'ரூம் சேர்விஸ்' என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். உள்ளே கூப்பிட்டால் போய், மூடியைத் திறந்து காட்டி, பில்லில் கையெழுத்து வாங்கி, முடிந்ததும் தட்டைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். சொந்தக் காரியமாக விருந்தாளியின் கதவைத் தட்டினால் அன்றோடு வேலை போய்விடும். ஆகவே மாமாவைப் பார்க்க வேண்டுமென்றால், மாமாவுக்குப் பசிக்க வேண்டும்.

பின்னேரம் பசித்தது. நாலு பேருக்குச் சான்ட்விச்சும் தேத்தண்ணியும் கேட்டிருந்தார்கள். ரமேஸ் வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்த வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், கல்யாணக் கார்டு எல்லாவற்றையும் வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றில் வைத்து, அதற்கும் ஒரு மூடி போட்டான்.

நபீல் நானாவின் கண்ணில் எதுதான் தப்பும்? "என்னடா மனுசன், இது கலியாண ஊடா?"

"மாமா, நானா. சொந்தத் தாய்மாமன்."

"சொந்த மாமா எண்டா ஒன்ட ஊட்டுக்கு வந்தல்லோ தின்னணும்?" என்றார். சொன்னாரே தவிர, தடுக்கவில்லை.

கதவைத் திறந்தது மாமி கிருஷாந்தி. யாழ்ப்பாணத்துக்காரி. மாமா கட்டியது லண்டனில் வைத்துத்தான். அவர் கண்டிக்காரர் என்று அவளுக்குத் தெரியும், லயத்துக் கண்டியா வேறு கண்டியா என்று தெரியாது. மாமா வெள்ளைக்காரச் சிநேகிதருக்கும் அவர் மனைவிக்கும் பல்கனியில் நின்று மலைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். "எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகத் தேயிலையில்தான்" என்று இங்கிலீசில் சொன்னது ரமேசுக்கும் கேட்டது. பொய்யில்லை. முதுகில் சுமந்த கொழுந்துக் கூடையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ரமேஸ் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். கடைசி மூடிக்குக் கீழே வெற்றிலை.

"என்னப்பா இது? நாங்கள் சான்ட்விச் மட்டுந்தானே சொன்னனாங்கள்?" என்றாள் மாமி.

உள்ளே வந்த மாமா கார்டில் இருந்த அக்காவின் பெயரைப் பார்த்தார். பிறகு ரமேசின் நெஞ்சில் குத்தியிருந்த பெயர் மட்டையை. பிறகு முகத்தை. அக்காவின் மூக்கு அங்கே அப்படியே இருந்தது.

"அம்மா குடுத்து விட்டாங்க" என்றான் ரமேஸ், மெதுவாக.

"ஆரப்பா இவர்?" என்றாள் மாமி.

"ஹோட்டல் பையன்" என்றார் மாமா. உடனே இங்கிலீசுக்குத் தாவி, இது இந்த ஊர் வழக்கம், விருந்தாளிகளை ஹோட்டல்காரர்கள் இப்படித்தான் வரவேற்பார்கள் என்று விளக்கினார். வெள்ளைக்காரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு, கொடுக்கிற மாதிரி நில்லுங்கள் என்றாள். ரமேஸ் தட்டை இரண்டு கையாலும் நீட்டினான். மாமா சிரித்த முகமாக இரண்டு கையாலும் வாங்கினார். மாமி அவருடைய கொலரைச் சரிசெய்துவிட்டாள்.

"தேங்க் யூ, ரமேஸ்" என்றார் மாமா, பெயர் மட்டையைப் பார்த்து.

அடுத்த நாள் காலையில் தட்டு கதவுக்கு வெளியே, தரையில் இருந்தது. வெற்றிலை வாடிப்போயிருந்தது. வாழைப்பழம் மட்டும் போயிருந்தது. கார்டின் மேல் சான்ட்விச்சின் பாண் ஓரங்களும் பிழிந்த தேயிலைப் பையும். சாயம் சர்மிளாவின் பெயரில் இறங்கியிருந்தது. ரமேஸ் கார்டைத் துடைத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வேனில் மாமாவின் பெட்டிகளை ஏற்றியதும் அவன்தான். விமானம் அன்றிரவே என்று டிரைவர் சொன்னான்.

வீட்டில் பாப்பம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வாங்குனானா?"

"வாங்குனாரும்மா."

"ரெண்டு கையாலயும்?"

"ரெண்டு கையாலயும்தான். போட்டோகூட எடுத்தாங்க."

சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க அந்தப் போட்டோவைப் பார்த்தது போலவே பேசியது. பாப்பம்மா தம்பி தங்குவதற்கென்று பக்கத்துக் காம்பராவை இரவல் வாங்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிவிட்டாள்.

"லண்டன்காரரு நெசமா வர்றாராக்கா?" என்று எதிர்க் காம்பரா நிஷாந்தினி தலையை நீட்டினாள். கேள்வியைவிடச் சிரிப்பு பெரிதாக இருந்தது.

"வெத்தலைய வாங்கிட்டு வராம இருப்பானாடி? ஒன் வீட்டு மனுசன்னு நெனச்சியா?" என்றவள் மகன் பக்கம் திரும்பினாள். "டேய், மாமா வந்தா ஒங்க ஹோட்டல் மாதிரியே காம்பராவுக்கே தேத்தண்ணி கொண்டு போய்க் குடுத்துரு. ஒன் கைதான் அவனுக்குப் பழகிப்போச்சே."

கார்டு உள்ளே இருந்த சட்டையை ரமேஸ் கழற்றவில்லை. அம்மாவின் கையிலிருந்த பிரஷை வாங்கி, மிச்சச் சுவருக்கு அவனே சுண்ணாம்பு அடித்தான்.