அரை மணி நேர வித்தியாசம்

அறுபத்தெட்டு வயதுவரை சிப்ரியன், நாட்டின் கிழக்குக் கோடியில் கிடக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவை விட்டு வெளியே கால் வைத்ததில்லை. மகள் மோய்ரா வேலைக்காக மேற்குக் கோடியில் இருக்கும் வான்கூவர் போய் ஒன்பது வருஷமாகிறது. ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்று அவள் கூப்பிடும்போதெல்லாம், "அதுக்கு லண்டனே பக்கம்" என்பார். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் லண்டனில் இவருக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த வருஷம் மோய்ராவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற ஏற நாக்கு செத்துப்போய், எதை வாயில் வைத்தாலும் குமட்டியது. நம் ஊர்க் காட் மீனை நீங்கள் வறுத்துக் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவேன் என்று ஒருநாள் போனில் சொன்னாள். மறுநாளே மனுஷன் டிக்கெட் எடுத்துவிட்டார்.

தீவுக்காரர்கள் வெளியூர் போனால் உறைந்த மீன் பெட்டியும் கூடவே போகும். இவரும் பெரிய தெர்மோகோல் பெட்டி நிறைய மீனை அடுக்கினார். எவ்வளவு ஐஸ் போடுவது என்பதில்தான் கோட்டை விட்டார். டிக்கெட்டில் காலை ஆறுக்கு ஏற்றம், பன்னிரண்டரைக்கு இறக்கம் என்று இருந்தது. "எட்டு மணிக்கு, நியூஃபவுண்ட்லாந்தில் எட்டரைக்கு" என்று வானொலியில் நிகழ்ச்சி நேரம் சொல்லிக் கேட்டே வளர்ந்த ஆள். நாடு முழுக்கத் தங்களைவிட அரை மணிதான் பின்னால் என்று நம்பியிருந்தார். ஆக மொத்தம் ஏழு மணி நேரம். அதற்குத் தகுந்த ஐஸ் போட்டார்.

டொராண்டோவில் விமானம் மாறினார். கைக்கடிகாரத்தில் ஏழு மணி நேரம் முடிந்ததும், இறங்கப்போகிறோமா என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டார். வான்கூவர் நாலரை மணி பின்னால், இன்னும் பாதி நாடு பாக்கி இருக்கிறது என்றார் அவர். அதற்குப்பின் சிப்ரியனுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. மகள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் பாழாக்கிவிட்டோமே என்று உட்கார்ந்திருந்தார்.

பெட்டி சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தது. தலையில் குல்லாயுடன் பாதியாய் இளைத்து நின்ற மகளைப் பார்த்ததும் அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"மீனைக் கெடுத்துட்டேன் கண்ணு."

மோய்ரா மூடியைத் திறந்து ஒரு துண்டை அமுக்கிப் பார்த்தாள்.

"கெடலப்பா, சில்லுன்னுதான் இருக்கு. ஆனா இளகிடுச்சு, இன்னிக்கே சமைச்சாகணும். இம்புட்டையும் யார் திங்கிறது?"

முடி கொட்டியதிலிருந்து அவள் யாரையும் வீட்டுக்குள் விட்டதில்லை. எதிர்வீட்டு மிஸஸ் யிப் கொண்டுவந்த கஞ்சியைக்கூட வாசலிலேயே வாங்கிக்கொண்டு, உள்ளே கூப்பிடாமல் அனுப்பியிருந்தாள். அன்றைக்கு அவளே போய் அந்தக் கதவைத் தட்டினாள். அதற்கடுத்த வீட்டையும் தட்டினாள்.

சாயங்காலம் சின்னச் சமையலறையில் ஏழு பேர். சிப்ரியன் பன்றிக்கொழுப்பை உருக்கி மீனை வறுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அடுப்புச் சூட்டில் மோய்ரா குல்லாயைக் கழற்றி வைத்தாள். ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் கண் மீன்மேல். அவள் மூன்று துண்டு சாப்பிட்டாள். அவர் எண்ணாத மாதிரி எண்ணிக்கொண்டார்.

மிஸஸ் யிப் விரலை நக்கிக்கொண்டே, உங்கள் ஊர் ரொம்ப தூரமோ என்று கேட்டாள்.

"சேச்சே, பக்கம்தான்" என்றார் சிப்ரியன். "காலையில ஏறினேன், மத்தியானம் வந்துட்டேன். அடுத்த மாசமும் வருவேன்."

மோய்ரா வாயில் இருந்ததை விழுங்க மறந்து அவரைப் பார்த்தாள். அவர், சந்தேகமிருந்தால் டிக்கெட்டைப் பாருங்கள் என்று சட்டைப்பையைத் தடவினார்.