முடிந்து வைத்த ரூபாய்

பனியன் கம்பெனியிலிருந்து அர்த்தநாரி ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். மூன்று வயது மகள் அமராவதி பாயில் கண்மூடிக் கிடந்தாள். காலையில் அனலாகக் கொதித்த பிள்ளை. ஆனால் பக்கத்தில் இருந்த மனைவி சுப்புலட்சுமியின் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது.

"ஏனுங்க, பழனியாண்டவனுக்குக் காசு முடிஞ்சு வெச்சுப்போட்டனுங்க. ஊட்டுல முழு ரூவா இல்லீங்க. உங்க டப்பாவுலிருந்து ஒண்ணு எடுத்துட்டேன். வையாதீங்க."

அவன் பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினான்.

அந்த டப்பாதான் அவனுடைய ஒரே கிறுக்கு. நயா பைசா வந்து பழைய காசுகள் சீந்துவாரில்லாமல் போனதிலிருந்து பீடியை விட்டான், கம்பெனி வாசல் டீயையும் விட்டான். கீரைக்காரம்மாவிடம் புதுக்காசைக் கொடுத்துக் குதிரை போட்ட காலணாவை வாங்கினான். பஸ் கண்டக்டரிடம் பல்லைக் காட்டி ஓட்டைக் காலணா வாங்கினான். மங்கிய நிக்கல் ரூபாய்களும் இரண்டு சேர்ந்தன. வெள்ளி ரூபாய் மட்டும் அவன் கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் சுடுகாட்டில் வேலை பார்க்கும் மாரப்பன், ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொன்னார். செத்தவர் ஒருவரின் நெற்றியில் வைத்துச் சுடுகாட்டுக்கு வந்த ரூபாய். காசுக்கு என்ன தீட்டு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வாங்கிவிட்டான். ஆனாலும் மனம் கேட்காமல் புளி போட்டுத் தேய்த்தான், திரும்பத் திரும்பத் தேய்த்தான். கடைசியில் டப்பாவிலேயே அதுதான் பளபளவென்று ஆனது. வீட்டில் அதைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை.

இப்போது நிக்கல் இரண்டும் இருந்தன. வெள்ளியைக் காணோம்.

"எதை எடுத்தே?"

"சாமிக்குக் குடுக்கறதுங்க, மங்குனதையா குடுப்பாங்க? நல்லா மின்னுனதத்தான் எடுத்தேன். மஞ்சத்தண்ணியில கழுவி, பாப்பா தலையச் சுத்தி, நெத்தியில வெச்சு எடுத்து முடிஞ்சனுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். பிள்ளையின் நெற்றியில் வட்டமாக மஞ்சள் கறை இருந்தது. சொல்லிவிடலாமா? சொன்னால் இவள் தாங்கமாட்டாள். அவிழ்த்து மாற்றிவிடலாமா? சாமிக்கென்று முடிந்ததைக் கோயில் போய்ச் சேருமுன் அவிழ்த்தால் வேண்டுதல் என்ன ஆகும்?

சுப்புலட்சுமி அடுப்படிக்கு எழுந்து போனதும், முருகன் படத்து ஆணியில் தொங்கிய மஞ்சள் முடிச்சைத் தொட்டான். மறுகையில் நிக்கல் ரூபாய். முடிச்சு காய்ந்து இறுகியிருந்தது. முருகா, தப்புப் பண்ணுனவன் நான், புள்ளைய ஒண்ணும் பண்ணிராதே. கையை எடுத்துக்கொண்டான்.

"தொட்டுப் பாருங்க, காய்ச்சலே இல்லீங்க! முருகன் கண்ணத் தொறந்துட்டானுங்க," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

நெற்றியைத் தொட்டான். சில்லென்றிருந்தது. மாரப்பன் கொடுத்தபோது அந்த ரூபாயும் இப்படித்தான் இருந்தது. துண்டு நுனியை நனைத்து மஞ்சள் வட்டத்தைத் துடைத்தான். அது போகவில்லை. பிள்ளை அசையவுமில்லை. சுட்டுவிரலை அவள் மூக்கருகே வைத்தான். உள்ளே சுப்புலட்சுமி கஞ்சியை ஆற்றும் சத்தம் கேட்டது.

மூச்சு பட்டது. அவன் விரலை எடுக்காமல் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தான்.