சண்டை போட வராத மொழி

"மேடம், கேக்கறதுக்கு அமிர்தமா இருக்கு. ஆனா என் ஆளுங்களால அதுல சண்டை போட முடியல," என்றாள் இயக்குநர், பையைச் சோபாவில் போட்டுக்கொண்டே. "படகு யாருக்குன்னு அண்ணனும் தம்பியும் அடிச்சுக்கணும். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திப் பாத்தாங்க. என்ன கத்தினாலும் தொட்டில் ஆட்டுற மாதிரியே இருக்கு. கேமராக்காரர் சிரிச்சுட்டார்."

மூடுபனி சூழ்ந்த ஒரு தீவில் நடக்கும் தொடர் அது. தீவு மக்கள் பேசுவதற்கென்று புதிதாக ஒரு மொழி வேண்டும் என்று இயக்குநர் கேட்டு வந்தபோது, கல்லூரியில் ஒலியியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த இந்த மேடம் உடனே ஒப்புக்கொண்டாள். எழுத்துகளைக் கூழாங்கல் போல உருட்டி வரைந்தாள். வாக்கியத்தில் வினையை முதலில் வைத்தாள். ஒன்றைச் சொன்னால் ஒருமை, இரண்டு தரம் சொன்னால் பன்மை. 'வூபா' என்றால் படகு. 'வூபா வூபா' என்றால் துறை நிறையப் படகுகள்.

ஒலிகளைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் ஒரு கள்ளம் இருந்தது. ம, ப, வ, க, ஹ என்று உதட்டிலும் தொண்டையிலும் பிறப்பவற்றையே எடுத்துக்கொண்டாள். ர, ழ, ட போல நாக்கு நுனி மேலே போய்த் தொட வேண்டியவை ஒன்றுகூடக் கிடையாது. கேட்டதற்கு, கூர்மையான சத்தம் பனிக்குள் தூரம் போகாது என்று ஒரு காரணத்தை இட்டுக்கட்டிச் சொல்லிவிட்டாள். இயக்குநரும் தலையாட்டிவிட்டாள்.

உண்மைக் காரணம் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தது.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாஸ்டர். நாக்கின் ஓரத்தில் வந்த கட்டியை எடுத்தபோது நுனியிலும் கொஞ்சம் போயிற்று. வியாதி விட்டது, பேச்சும் விட்டது. ர வரும் இடத்தில் காற்று ஒழுகியது. நாளெல்லாம் லொடலொடவென்று பேசிக்கொண்டிருந்த மனிதர் கை ஜாடைக்கு இறங்கிவிட்டார். ஸ்கூலை அவள் தம்பி பார்த்துக்கொண்டான். பேச்சுப் பயிற்சிக்கு ஆள் வந்தால் மாஸ்டர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்.

புதுச் சொற்களை அவள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். ஒருநாள் சாப்பிடும்போது அவராகவே, "ஹமோ," என்றார். தீவு மொழியில் தண்ணீர். ஒரு பிசிறு இல்லை. அவள் எழுந்து போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீரோடு வந்தாள். அதிலிருந்து வீட்டில் அவர் பேசுவதெல்லாம் அந்த மொழியில்தான். இப்போது அதில் ர-வைக் கொண்டுபோய் வைத்தால் மறுபடி வாயை மூடிக்கொள்வார். அவளுடைய பயமெல்லாம் அதுதான்.

"பழகினா சரியாயிடும்," என்றாள் இயக்குநரிடம். "கோபத்த மூச்சுல காட்டச் சொல்லுங்க."

"மூச்சு வாங்குது மேடம், கோபம் வரல. நாலு முரட்டு எழுத்து குடுங்க."

"வைக்க முடியாது. மொத்த அமைப்பும் கலைஞ்சிடும்."

டீத் தட்டோடு மாஸ்டர் வந்தார். தட்டை மேஜையில் வைத்தார். வெளியாள் முன்னால் அவர் வாய் திறப்பார் என்று அவள் நினைக்கவேயில்லை.

"அவ வைக்க மாட்டாம்மா," என்றார், தமிழில். ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் காற்று ஒழுகியது. "எனக்கு வராத எழுத்தையெல்லாம் பொறுக்கி வெளிய போட்டுட்டா. கேட்டா பனி, தூரம்னு கதை விடுவா."

அவளுக்கு முகம் சுட்டது. "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. நாக்கு யாரோடது?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொகமா இருந்துச்சு. சும்மா இருந்துட்டேன்."

இயக்குநர் டம்ளரைக் கீழே வைத்தாள். "சார், தப்பா நினைக்காதீங்க. இப்ப நீங்க சொன்ன ர இருக்கே, காத்து கலந்து... அதையே வச்சுக்கலாமா? யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"அது மொழி இல்ல, ஆபரேஷன்," என்றார் அவர். "உங்க பசங்களுக்கு நல்ல நாக்குதானே? நல்ல ர-வாவே குடுங்க. அது இல்லாம பிரேக்குன்னு கத்தினா எவன் காலாவது பிரேக்குக்குப் போகுமா?"

திங்கட்கிழமைக்குள் புதுச் சொற்கள் தருவதாக அவள் ஒப்புக்கொண்ட பிறகுதான் இயக்குநர் கிளம்பினாள். கதவைச் சாத்திவிட்டு வந்தவள், "அவங்க முன்னாடி என் மானத்த வாங்கிட்டீங்க," என்றாள், மெதுவாகத்தான்.

"பாத்தியா, இதையும் தாலாட்டு மாதிரி சொல்ற," என்றார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து நீ என்மேல ஒரு தடவ எரிஞ்சு விழுந்தியா? ஈரத் துண்ட கட்டில்ல போட்டா எடுத்துக் காயப்போட்டுட்டுப் போற. நான் உயிரோட இருக்கேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"திட்டினா திருப்பித் திட்ட முடியாம தவிச்சுப் போவீங்கன்னு பயந்தேன்."

"தவிக்கிறேன். அதுக்கு நீ ஏன் வாய மூடிக்கணும்?" அவர் சாவிக்கொத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைலேர்ந்து ஸ்கூலுக்கு நானே போறேன். உன் தம்பி ஹாரன் அடிக்க மட்டும்தான் சொல்லிக் குடுக்கறான்."

சரிங்க என்று சொல்ல வாயெடுத்தாள். பழக்கமாகிப்போன சரிங்க அது. அதை விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"என் தம்பிய இழுக்காதீங்க. அவன் இல்லேன்னா ஷட்டர் துருப்பிடிச்சுப் போயிருக்கும். உங்க வண்டியில ஏறினவங்க யாராவது அழாம இறங்கியிருக்காங்களா?"

மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. மலர்ந்ததை மறைக்கப் புருவத்தைச் சுளித்துக்கொண்டு பதிலுக்கு ஆரம்பித்தார். அவள் அப்பா வீடு, தம்பியின் மீசை, அவன் வண்டியைப் பின்னால் எடுக்கும் அழகு என்று வரிசையாகப் போனவர் ஒரு சொல்லில் முட்டி நின்றார். மறுபடி முயன்றார். வரவில்லை.

அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரியும். நுனிநாக்கில் வைத்திருந்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, முடித்துவிட்டுப் பேசுங்கள் என்பது போல நின்றாள்.

சொல் கோணிக்கொண்டு வந்தது. திட்டு முழுசாக வந்தது.

"என்ன சொன்னீங்க?" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் தன் பங்குக்குத் தொடங்கினாள்.