லேவரி பெரிய ஆளான மத்தியானம்

லோர்னாவின் பீர்க் கடைக்குள் எம்மெட் நுழைந்தபோது நாங்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையைத்தான் பார்த்தோம். அட்டை அதற்குள் இருந்தது. வெளியே ஜனவரிக் குளிர். வருகிற வழியில் நான் போட்ட தும்மல் அப்படியே உறைந்து நடைபாதையில் விழுந்து, அதை நானே காலால் ஒதுக்கிவிட்டு வந்திருந்தேன். வேறொரு நாளாக இருந்தால் இதைச் சொல்லி ஒரு பீர் வாங்கியிருப்பேன்.

எங்கள் மேசைக்கு ஒரு விதி உண்டு. உட்காருகிறவனுக்கென்று ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர் இருக்க வேண்டும். அவர் படம் போட்ட அட்டையை முகம் தெரிய மேசையில் வைத்த பிறகுதான் முதல் மடக்கு. அந்த ஆட்டக்காரர் பெரிய ஆளாக இருக்கக் கூடாது. வெண்கலத் தகட்டில் முகம் பதித்து மாட்டுவார்களே, அந்தப் புகழ் மண்டபத்துக்குள் அவர் போய்விட்டால் இவன் மேசையை விட்டுப் போய்விட வேண்டும். பெரிய ஆட்களைக் கொண்டாட நாடு முழுக்க ஆள் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு நாங்கள்தான்.

என் ஆள் கிளீட் ஆம்டால். பந்து வீசுபவர். அவர் வீசும் வேகத்தில் ஒருமுறை சிட்டுக்குருவி ஒன்று நடுவழியில் பந்தின் மேல் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனது. நம்பாதவர்கள் குருவியைக் கேட்டிருக்கலாம், இப்போது அது உயிரோடு இல்லை. கஸ் பெட்ராக்கிஸின் ஆள் பந்தைப் பிடிக்க ஓடி ஓடிச் சுவரில் மோதியே பேர் வாங்கியவர். அந்தச் சுவரில் அவர் மூக்கு போய்ப் பொருந்த ஒரு குழி இருந்தது.

எம்மெட்டின் ஆள் டோபி லேவரி. ஆடுகளத்தின் இரண்டாவது மூலையில், அதாவது இரண்டாவது பேஸில், பந்தைத் தடுக்க நின்றவர். மட்டையைப் பிடித்தால் அரங்கத்தில் பாதிப் பேர் தீனி வாங்க எழுந்துவிடுவார்கள். எட்டு வயதில் எம்மெட் மைதானத்து வேலியோரம் நின்றிருந்தபோது, காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த லேவரி ஒரு கை சூரியகாந்தி விதையை நீட்டி, தோலை எப்படித் துப்புவது என்று காட்டிக்கொடுத்தாராம். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் லேவரியின் ஆள். கல்யாணத்தன்றுகூட அவன் வாயில் விதை இருந்தது. போன வருடம் மனைவி இறந்த பிறகு அவன் பேசுவதெல்லாம் எங்கள் மேசையில்தான்.

இந்த நேரத்தில்தான் கணக்குப் போடும் பையன்கள் சிலர் பழைய ஆட்டங்களைக் கணினியில் கொட்டிக் கிளறி, லேவரி பந்தைத் தடுத்த அழகுக்கு ஈடே கிடையாது என்று கண்டுபிடித்துத் தொலைத்தார்கள். பழைய ஆட்டக்காரர்களை மண்டபத்துக்காக மறுபடி எடைபோடும் குழு அன்று மத்தியானம் முடிவு சொல்கிறது. வானொலியில் வரும்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. முடிவு வருமுன் அட்டையைக் குப்புறக் கவிழ்த்தால் அந்த ஆளை விட்டுவிட்டதாகப் பொருள். வேறொருவரைப் பிடித்துக்கொள்ளலாம். எங்களோடு உட்கார்ந்திருந்த மெர்வின் ஹாஸ் அதைச் செய்ய மறந்து, தன் ஆள் மண்டபத்துக்குப் போன அன்று வெளியேறினான். பல வருடமாக எதிர்ச்சாரி டோனட் கடையின் சன்னலோரம் தனியாக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எம்மெட் அட்டையை எடுத்து முகம் தெரிய வைத்தான். லோர்னா வானொலியைத் திருகினாள்.

“கவுத்துருய்யா,” என்றான் கஸ். “என் ஆளோட தம்பியும் ஆட்டக்காரன்தான், யாரும் எடுக்காம சும்மா இருக்கான். அண்ணனவிட மோசம். எந்த மண்டபத்துக்காரனும் அவன் பக்கமே வரமாட்டான்.”

எம்மெட் விதையை மென்றான். விரல் அட்டையின் ஓரத்துக்குப் போனது. நகத்தால் லேசாகத் தூக்கினான். நாங்கள் மூச்சுவிடாமல் இருந்ததில் பீரின் நுரைகூட அடங்கிவிட்டது. பிறகு விரலை எடுத்துக்கொண்டான்.

“அவரு தோத்த அன்னிக்கெல்லாம் கூட இருந்தேன்,” என்றான். “ஜெயிக்கிற அன்னிக்கு எப்பிடிய்யா விடுறது?”

“விதிய மாத்திக்கிட்டா என்ன, கெழவனுங்களா?” என்றாள் லோர்னா. கஸ் சன்னல் வழியே எதிர்ச்சாரியைப் பார்த்தான். விதியை மாற்றினால் மெர்வினுக்கு நாங்கள் என்ன சொல்வது?

வானொலிக்காரர் இரண்டு பெயர்களைப் படித்தார். இரண்டாவது லேவரி.

எம்மெட் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, வானொலி விளம்பரத்துக்குப் போன பிறகும் அப்படியே நின்றான். சிரித்துக்கொண்டே அழுதான். எனக்கும் கண்ணில் வெங்காயம் பட்டது. லோர்னாவின் கடையில் வெங்காயம் கிடையாது. கஸ் அவன் முதுகில் தட்டினான்.

“மொகத்த நல்லாப் பதிக்கச் சொல்லுய்யா,” என்றேன். “கன்னத்துல விதை உப்பலோட.”

அவன் பீரை முடித்தான். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். குளிர் உள்ளே வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்தது.

நாங்கள் சன்னலைப் பார்த்தோம். எம்மெட் சாலையோரம் நின்று எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தான். எதிர்ச்சாரி டோனட் கடையிலும் வானொலி உண்டு. மெர்வின் எழுந்து, தனக்கு எதிரே இருந்த நாற்காலியின் மேலிருந்து தன் கோட்டை எடுத்தான். பிறகு கைக்குட்டையால் அந்த நாற்காலியைத் துடைக்கத் தொடங்கினான்.