மாலை போட்ட எம்.ஜி.

1957-இல் எங்கள் ஆடலூர் காப்பித் தோட்டத்து முதலாளியம்மா தமயந்தி ஒரு கார் வாங்கினார். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன எம்.ஜி. என்ற சீமை வண்டி. கூரை கிடையாது, இருக்கை இரண்டே இரண்டு, நிறம் மிளகாய்ப்பழம். அது இங்கே உறுமினால் சிறுமலையில் தூங்கும் குரங்கு எழுந்து உட்காரும், நானே பார்த்திருக்கிறேன்.

நான் அப்போது தோட்டத்து லாரி டிரைவர். அந்த ஸ்டியரிங்கைத் தொடாமல் கட்டை வேகாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

"ஏலே திருமலைச்சாமி, வத்தலக்குண்டுல இருந்து கோடைக்கானல் ஏரி வரைக்கும் எங்கயும் நிக்கக் கூடாது. நிக்காம போனா காரு ஒன் கையில. நின்னா லாரிக்கே போயிரு" என்றார் அம்மா.

அந்த மலையில் எல்லா வண்டியும் ஏழு இடத்தில் நின்று தண்ணீர் குடித்துத்தான் ஏறும். எம்.ஜி. ஒரே மூச்சில் ஏறும், எனக்குத் தெரியும். கெடுத்தது தோட்டத்து மேஸ்திரி மயில்சாமியின் பக்தி. பழனி அடிவாரத்தில் பூஜை போட்டபோது வண்டியின் மூக்கில் ஒரு கதம்ப மாலையைக் கட்டிவிட்டார். கோயில் யானைக்குப் போட்டாலும் தரையில் புரளும். ரேடியேட்டருக்குள் காற்று நுழைய ஊசிமுனை இடமில்லை.

பக்கத்து இருக்கையில் அம்மா ஏறிக்கொள்ள, கிளம்பினோம். சமவெளியில் எப்படியோ தாக்குப்பிடித்தது. மலையில், விரல் பட்டாலே வளைவில் திரும்பும் அந்த அழகை ரசிக்க விடாமல், சூடு காட்டும் முள் கடைசி எண்ணைத் தொட்டது. ரேடியேட்டர் மூடியில் ஆவி சீறியது.

"அம்மா, மாலைய எடுத்தாத்தாங்க பொழைக்கும்."

"சாமி மாலைலே. வாடி விழுற வரைக்கும் தொடக் கூடாது."

"சாமியே பழனியில எல்லாத்தையும் கழட்டிப்போட்டுட்டு கோவணத்தோட நிக்கிறாருங்க. காருக்கு எதுக்குங்க இம்புட்டு அலங்காரம்?"

அம்மா யோசித்தார். ஆவி அவர் மூக்குக்கண்ணாடியை மூடியது.

"சரி, அவுத்துரு. ஆனா நிறுத்துனா லாரிதான்."

"ஓடுற வண்டியிலயாங்க?"

"நான் புடிச்சுக்கிறேன், தள்ளுலே!"

முதல் கியருக்கு மாற்றினேன். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் இடத்துக்கு நகர்ந்தார். நான் படிப்பலகையில் இறங்கி, மட்கார்டில் குப்புறப் படுத்து முடிச்சுகளை அவிழ்த்தேன். சாமி மாலையைத் தரையில் போட முடியுமா? என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். சீறல் அடங்கியது.

"போதுங்கம்மா, நகருங்க!"

"இருலே. இது எத மிதிச்சா இன்னும் வெரசா போகும்?"

சொல்லித் தொலைத்தேன். கிளட்ச், கியர் எல்லாவற்றையும் மட்கார்டைக் கட்டிப்பிடித்தபடியே கத்தினேன். பெருமாள்மலையில் பஸ்ஸுக்கு நின்ற சனம், மாலையும் கழுத்துமாகப் பறந்த என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஏரிக்கரையில்தான் வண்டி நின்றது. அம்மாவின் கொண்டை அவிழ்ந்து, வயதில் முப்பது குறைந்திருந்தது.

"எங்கயாச்சும் நின்னுச்சாலே?"

"இல்லைங்க."

"அப்ப காரு ஒன் கையிலதான். நாளைக்கு வெள்ளனே வந்து தொடைச்சு வையி." சாவியை நீட்டினார். நான் பிடித்தேன், அவர் விடவில்லை. "எறங்குறப்ப மட்டும் நான் ஓட்டிக்கிறேன்."

ஸ்டியரிங் மறுபடி என் கைக்கு வந்தது 1964-இல். அதுவும், அம்மா அதைவிட வேகமான ஒன்றை வாங்கிவிட்டதால்.